வெளிப்புற வன்தட்டும் வேகக் கேபிளும்: வேகம் எங்கே தீர்மானமாகிறது?

கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, வவுனியா என்று எந்த ஊர்க் கணினிக் கடையில் நின்றாலும், "வேகமான கேபிள் ஒன்று இருக்கிறதா?" என்ற கேள்வி காதில் விழும். கல்யாண வீட்டு வீடியோக்களைச் சேமித்து வைக்கும் ஸ்டூடியோக்காரரும், அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மாணவரும், வெளிநாட்டிலிருந்து உறவினர் கொடுத்துவிட்ட வன்தட்டை வைத்திருக்கும் ஆசிரியரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதற்குக் கிடைக்கும் பதில்கள் பலவிதம். முனைக்குள் நீலநிறம் தெரிந்தால் வேகம், வயர் தடித்திருந்தால் வேகம், சி வகை முனை என்றால் வேகம், விலை கூடியதென்றால் வேகம் என்கிறார்கள். இவற்றில் ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. அந்த ஓரளவை முழு விதியாக எடுத்துக்கொள்வதால்தான், புதுக் கேபிள் வாங்கிய பிறகும் பிரதி எடுக்கும் நேரம் குறையாமல் பலர் ஏமாற்றமடைகிறார்கள்.

கேபிள் வேகத்தை உண்டாக்குவதில்லை. இரு முனைகளிலும் ஏற்கெனவே இருக்கும் வேகத்தைத் தடையின்றிப் போகவிடுவதோ, அதை மறித்துவிடுவதோதான் அதனால் ஆகும் காரியம். இந்த ஒன்று விளங்கிவிட்டால், எந்த இடத்தில் பணம் செலவழிக்க வேண்டும், எந்த இடத்தில் செலவழிக்கத் தேவையில்லை என்பதை எவரும் தாமாகவே கணித்துக்கொள்ளலாம்.

பணத்தை விடவும் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. இடம்பெயர்வுகளின்போது குடும்பப் புகைப்படங்களைக் கைவிட்டு வந்த வீடுகள் வன்னியில் ஏராளம். பின்னர் உறவினர்களிடமிருந்து ஒவ்வொன்றாகத் திரட்டி, ஸ்கான் செய்து சேர்த்த படங்கள் இன்று பல வீடுகளில் ஒரேயொரு வன்தட்டில்தான் கிடக்கின்றன. இரண்டாவது பிரதி எடுக்க இரவு முழுவதும் ஆகுமென்றால் அந்த வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். அரை மணித்தியாலத்தில் முடியுமென்றால் இன்றைக்கே நடந்துவிடும்.

குளத்திலிருந்து வயல் வரை

வெளிப்புற வன்தட்டு என்பது கணினிக்கு வெளியே, தனிப் பெட்டி ஒன்றுக்குள் இருந்து, கேபிள் மூலம் கணினியுடன் இணையும் சேமிப்புச் சாதனம். பேச்சில் இதை எக்ஸ்டேர்னல் ஹாட் டிஸ்க் என்கிறோம். அதிலிருந்து தரவு கணினிக்கு வந்து சேரும் பாதையை, இரணைமடுக் குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் வரும் பாதையைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம்.

சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது, குளத்து நீர் முதலில் துருசால் வெளியேறுகிறது. பிறகு பெரிய வாய்க்காலில் ஓடுகிறது. அங்கிருந்து கிளை வாய்க்காலுக்குத் திரும்பி, கடைசியில் வரம்பில் வெட்டிய வாயால் வயலுக்குள் இறங்குகிறது. ஒரு மணித்தியாலத்தில் வயலுக்கு வந்து சேரும் தண்ணீரின் அளவைக் குளத்தின் கொள்ளளவு தீர்மானிப்பதில்லை, வாய்க்காலின் அகலம் மட்டும் தீர்மானிப்பதுமில்லை. இந்தப் பாதையில் எந்த இடம் மிகக் குறுகலாக இருக்கிறதோ அந்த இடமே தீர்மானிக்கிறது. துருசைச் சிறிதளவு மட்டும் உயர்த்திவிட்டு வாய்க்காலை இருமடங்கு அகலமாக வெட்டினால் வயலுக்கு ஒரு சொட்டும் கூடுதலாக வராது. துருசு முழுவதும் திறந்திருக்க, கிளை வாய்க்காலில் பற்றை வளர்ந்து அடைத்திருந்தாலும் அதே கதிதான்.

வெளிப்புற வன்தட்டிலும் இப்படி நான்கு இடங்கள் உள்ளன. தரவைப் படிக்கவும் எழுதவும் தட்டுக்குள்ள ஆற்றல் துருசைப் போன்றது. பெட்டிக்குள் இருக்கும் சிறு மின்சுற்று பெரிய வாய்க்கால், கேபிள் கிளை வாய்க்கால். கணினியில் கேபிளைச் செருகும் இடமான போர்ட், வரம்பில் வெட்டிய வாய். தண்ணீர் குளத்திலிருந்து வயலுக்கு மட்டுமே ஓடும், தரவோ இரு திசையிலும் போகும் என்பது ஒன்றே இங்குள்ள முக்கியமான வித்தியாசம்.

சுருக்கமாக, நான்கில் மிக மெதுவான ஒன்றின் வேகமே உங்களுக்குக் கிடைக்கும் வேகம். மற்ற மூன்றையும் எவ்வளவு உயர்த்தினாலும் அது மாறாது.

பிட்டும் பைட்டும்

கேபிள் உறைகளில் உள்ள எண்கள் பலரைத் தடுமாற வைப்பதற்குக் காரணம் அளவையில் உள்ள குழப்பம். பிட் என்பது தரவின் மிகச் சிறிய அலகு, அதன் பெறுமதி பூச்சியமாகவோ ஒன்றாகவோ இருக்கும். எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். கேபிளின் வேகத்தை உற்பத்தியாளர்கள் செக்கனுக்கு இத்தனை மெகாபிட், இத்தனை கிகாபிட் என்று பிட்டில் எழுதுகிறார்கள். கணினித் திரையில் கோப்பின் அளவும் பிரதி எடுக்கும் வேகமும் பைட்டில் காட்டப்படுகின்றன. மெகா என்பது பத்து இலட்சம், கிகா என்பது நூறு கோடி.

ஆகவே 480 மெகாபிட் என்று எழுதியிருந்தால், எட்டால் வகுத்து 60 மெகாபைட் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த 60 கூட முழுமையாகக் கிடைப்பதில்லை. தரவு சரியாகச் சேர்ந்ததா என்று இரு பக்கமும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்வதிலேயே கணிசமான நேரம் கழிகிறது. நடைமுறையில் 35 முதல் 40 மெகாபைட் வரையே எதிர்பார்க்கலாம். 5 கிகாபிட் என்று எழுதியிருந்தால், கடத்துவதற்கென ஒவ்வொரு எட்டுப் பிட்டும் பத்துப் பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதால் உச்ச அளவு 500 மெகாபைட். கைக்கு வருவது 400 முதல் 450 வரை.

பெட்டிக்குள் இருப்பது எது?

வேகக் கேபிளைத் தேடுவதற்கு முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான். கடையில் மிகக் குறைவாகக் கேட்கப்படும் கேள்வியும் இதுதான்.

வன்தட்டு என்ற சொல்லின் நேர்ப் பொருளுக்கு உரியது சுழலும் தட்டு. காந்தப் பூச்சுள்ள வட்டத் தட்டு நிமிடத்துக்கு 5400 தடவை சுழல, அதன் மேல் மிக நுண்ணிய இடைவெளியில் ஓர் ஊசிமுனை போன்ற தலை நகர்ந்து தரவைப் படிக்கிறது. கையடக்கமான, 2.5 அங்குல வகை வெளிப்புற வன்தட்டுகளில் பெரும்பாலானவை இத்தகையவை. செக்கனுக்கு ஏறக்குறைய 100 முதல் 140 மெகாபைட் வரை இவை படிக்கும். மேசையில் வைத்துப் பாவிக்கும் 3.5 அங்குலப் பெரிய தட்டுகள், அதிலும் நிமிடத்துக்கு 7200 தடவை சுழல்பவை, 150 முதல் 250 வரை போகும்.

சுழலும் தட்டின் வேகம் எப்போதும் ஒரே அளவில் நிற்பதில்லை. தட்டின் வெளிவிளிம்பில் சுற்றளவு பெரிது, ஆகவே ஒரு சுற்றில் அதிக தரவு தலையின் கீழ் கடந்து போகும். உள் விளிம்பில் அது குறைவு. தரவு பொதுவாக வெளிவிளிம்பிலிருந்து நிரம்பத் தொடங்குவதால், புதிதாக வாங்கியபோது 130 காட்டிய தட்டு நிரம்பும் தறுவாயில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். "முந்தி ஓடிய வேகம் இப்போது இல்லை, கேபிள் பழுதாகிவிட்டது" என்று சொல்வோரில் ஒரு பகுதியினர் உண்மையில் காண்பது இதைத்தான். கேபிளை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது.

சிறு கோப்புகள் இன்னொரு விடயம். நிமிடத்துக்கு 5400 சுற்று என்றால் செக்கனுக்கு 90 சுற்று. வேண்டிய இடம் தலையின் கீழ் வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அதற்கு முன் தலை அந்த வட்டத்துக்கு நகர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். ஒரு பெரிய வீடியோக் கோப்புக்கு இந்தக் காத்திருப்பு ஓரிரு தடவை மட்டுமே நேரும். பத்தாயிரம் சிறு படங்களுக்கு அது பல பத்தாயிரம் தடவை நேரும். அதனால்தான் ஒரே அளவுள்ள இரண்டு கோப்புறைகளில், வீடியோ உள்ளது விரைவாகவும் சிறு படங்கள் உள்ளது மிக மெதுவாகவும் பிரதியாகின்றன.

மற்றையது எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம். சுழல்வதும் நகர்வதும் இல்லாமல், மின்னணுச் சில்லுகளிலேயே தரவைப் பதிந்து வைக்கும் சாதனம் இது. இதிலும் இரு வகை உண்டு. சாட்டா வகை செக்கனுக்கு 550 மெகாபைட் வரை செல்லும். என்.வி.எம்.இ. வகை அதனினும் பலமடங்கு வேகமானது. இவற்றுக்கே நல்ல கேபிள் உண்மையில் தேவைப்படுகிறது. வன்னியின் பங்குனி, சித்திரை வெக்கையில் இவ்வகைச் சிறு பெட்டிகள் நீண்ட நேரம் எழுதும்போது சூடேறித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைத்திருப்பது நல்லது. மெத்தையின் மீதோ துணியின் மீதோ வைக்காமல், காற்றுப்படும் மேசையில் வைத்தால் வேகம் விழுவது குறையும்.

பெட்டிக்குள் இவற்றோடு ஒரு சிறு மின்சுற்றும் இருக்கிறது. தட்டு பேசும் முறையைக் கேபிள் பேசும் முறைக்கு மாற்றிக் கொடுப்பது அதன் பணி. தொழிற்சாலையிலிருந்து முழுமையாக வரும் வன்தட்டுகளில் இது தட்டின் வேகத்துக்கு ஏற்றதாகவே இருக்கும். பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த தட்டைப் போட்டுப் பாவிப்பதற்காக மலிவாக வாங்கும் வெறும் பெட்டிகளில் மட்டும், அது 480 மெகாபிட்டோடு நின்றுவிடுகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம்: சுழலும் தட்டின் துருசே சிறிது, 5 கிகாபிட் இணைப்பு அதற்குத் தேவைக்கும் அதிகம். எஸ்.எஸ்.டி.யின் துருசு பெரிது, அங்கேதான் கேபிளும் போர்ட்டும் தடையாக மாறும்.

கேபிளுக்குள் ஓடும் கம்பிகள்

யூ.எஸ்.பி. என்பது கணினியுடன் வெளிச் சாதனங்களை இணைப்பதற்கான பொதுத் தரம். 1996 இல் அது வந்தபோது உச்ச வேகம் 12 மெகாபிட். விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் அது போதுமாயிருந்தது. 2000 ஆம் ஆண்டில் வந்த யூ.எஸ்.பி. 2.0 அதை 480 மெகாபிட்டாக உயர்த்தியது. அந்தக் கேபிளைப் பிரித்துப் பார்த்தால் நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, மற்ற இரண்டும் ஒரு சோடியாகத் தரவுக்கு. தரவுக்கு ஒரே சோடிதான் என்பதால், ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே பேச முடியும். கணினி கேட்கும், வன்தட்டு பதில் தரும், பிறகு மீண்டும் கணினி கேட்கும்.

2008 இல் வெளியான யூ.எஸ்.பி. 3.0 இந்த இடத்தில்தான் பெரிய மாற்றத்தைச் செய்தது. பழைய நான்கு கம்பிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, போவதற்கு ஒரு சோடி, வருவதற்கு ஒரு சோடி, அவற்றுக்கான நிலத்தொடுப்பு ஒன்று என ஐந்து புதிய தொடுப்புகளைச் சேர்த்தது. வேகம் 5 கிகாபிட் ஆனது, அதாவது முந்தியதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். முனைக்குள் தெரியும் நீலப் பிளாஸ்டிக் இந்தத் தரத்தை அடையாளங்காணப் பரிந்துரைக்கப்பட்ட நிறம். அது கட்டாயமில்லை. கறுப்பு நிறத்திலேயே 10 கிகாபிட் போர்ட் உள்ள மடிக்கணினிகளும் உண்டு, வெறும் நீலநிறத்தை மட்டும் பூசிக்கொண்டு வரும் மலிவுக் கேபிள்களும் உண்டு.

பழைய நான்கு கம்பிகள் அப்படியே இருப்பதில் ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் சேர்ந்தே வருகின்றன. புதிய வன்தட்டைப் பழைய கணினியில் செருகினாலும் வேலை செய்யும் என்பது நன்மை. புதிய சோடிகளில் ஒன்று அறுந்தாலோ, முனையில் தூசி படிந்து தொடுப்பு விடுபட்டாலோ, வன்தட்டு எந்த எச்சரிக்கையும் தராமல் பழைய நான்கு கம்பிகளுக்கு இறங்கி 480 மெகாபிட்டில் ஓடத் தொடங்கிவிடும் என்பது தொல்லை. கோப்புகள் திறக்கும், படங்கள் தெரியும், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும், பிரதி எடுக்கும் நேரம் மட்டும் மூன்று நான்கு மடங்காக நீளும். பழுதான கேபிளை இதனாலேயே பலர் மாதக்கணக்கில் அறியாமல் பாவிக்கிறார்கள்.

இதே காரணத்தால் ஒரு விசித்திரமும் நடக்கிறது. அகலமான வழமையான முனையில் பழைய தொடுப்புகள் முன்னாலும் புதியவை உள்ளே பின்னாலும் உள்ளன. மிக மெதுவாகச் செருகினால் முன்னால் உள்ளவை முதலில் தொட்டு, கணினி அதைப் பழைய தரச் சாதனமாகவே பதிவு செய்துகொள்ளக்கூடும். கழற்றி, தயங்காமல் ஒரே மூச்சில் செருகினால் சரியாகிவிடும்.

நீளமும் முக்கியம். சமிக்ஞை செக்கனுக்கு எத்தனை தடவை மாறுகிறதோ, அத்தனைக்குக் கம்பியில் அது தேய்ந்து போகும் அளவும் கூடுகிறது. 480 மெகாபிட்டுக்கு 5 மீற்றர் வரை நீட்டலாம். 5 கிகாபிட்டுக்கு இரண்டு மூன்று மீற்றருக்கு மேல் நம்ப முடியாது, 10 கிகாபிட்டுக்கு ஒரு மீற்றர், 40 கிகாபிட்டுக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. நீளக் கேபிளை வாங்கிச் சுருட்டி வைப்பதைவிட, தேவைக்குப் போதுமான குறுகிய கேபிளே எப்போதும் மேல். தடித்த வயர் வேகம் என்ற நம்பிக்கையில் உள்ள உண்மையும் இதோடு சேர்ந்ததுதான். தடிப்பு நல்ல மின்கம்பியாலும் கவசத்தாலும் வந்ததென்றால் பயனுண்டு, வெறும் ரப்பரால் வந்ததென்றால் இல்லை. கவசம் குறைந்த கேபிள் அருகில் இருந்தால் வயரில்லாச் சுட்டி விட்டுவிட்டு நகர்வதையும் காணலாம், ஏனெனில் யூ.எஸ்.பி. 3.0 இன் மின்னிரைச்சல் அந்தச் சுட்டி பாவிக்கும் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையிலும் பரவுகிறது.

முனையின் வடிவம் வேகத்தைச் சொல்லாது

2014 இல் அறிமுகமான சி வகை முனை இருபுறமும் ஒரேமாதிரிச் செருகக்கூடியது, 24 தொடுப்புகளுக்கு இடமுள்ளது. அந்த 24 இற்கும் கேபிளுக்குள் கம்பி இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கைத்தொலைபேசியோடு வரும் சி வகைச் சார்ஜர் வயர்கள் பெரும்பாலானவற்றில், மின்சாரத்துக்கான கம்பிகளோடு யூ.எஸ்.பி. 2.0 இன் ஒரே தரவுச் சோடிதான் உண்டு. அதைக் கொண்டு விலையுயர்ந்த எஸ்.எஸ்.டி.யை இணைத்தால், 1000 மெகாபைட் தரவேண்டிய சாதனம் 40 தரும். இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமென்றால் இதை வைத்திருங்கள்: வன்தட்டோடு பெட்டியில் வந்த கேபிளைத் தனியாக எடுத்து வையுங்கள், சார்ஜர் வயர்களோடு கலக்க விடாதீர்கள்.

தரங்களின் பெயர்களும் குழப்பத்தைப் பெருக்கின. 5 கிகாபிட்டுக்கு முதலில் 3.0 என்று பெயரிட்டார்கள். 2013 இல் 10 கிகாபிட் வந்தபோது பழையது 3.1 முதலாந் தலைமுறை ஆனது. 2017 இல் 20 கிகாபிட் வந்தபோது அதே பழையது 3.2 முதலாந் தலைமுறை ஆனது. மூன்றும் ஒன்றே. ஆகவே உறையில் 3.2 என்ற எண்ணைக் கண்டு மயங்காமல், கிகாபிட் எத்தனை என்று எழுதியிருப்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். அது எழுதப்படாத கேபிளை வேகக் கேபிள் என்று நம்பி வாங்காதிருப்பதே என் கருத்தில் பாதுகாப்பானது. 2019 இல் வந்த யூ.எஸ்.பி. 4 என்னும் தரத்தின் முதற் பதிப்பு 40 கிகாபிட் வரை செல்கிறது.

தண்டர்போல்ட் என்பது இன்டெல், ஆப்பிள் நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் 2011 இல் வந்த வேறொரு தரம். 2015 இன் மூன்றாம் பதிப்பு முதல் அதுவும் சி வகை முனையையே பாவிக்கிறது, அந்தப் பதிப்பின் வேகம் 40 கிகாபிட். மின்னல் குறி அதன் அடையாளம். நேரடியாகப் பெரிய வீடியோக்களை வெளிச் சாதனத்தில் வைத்தே வெட்டித் தொகுப்பவர்களுக்கு அது பயன் தரும். சுழலும் தட்டுக்கு அது முற்றிலும் வீண். அத்துடன் சில தண்டர்போல்ட் சாதனங்கள் சாதாரண சி வகைப் போர்ட்டில் இயங்கவே மாட்டா.

மின்சாரமும் அதே கேபிளில்

2.5 அங்குல வன்தட்டு தனக்கான மின்சாரத்தைக் கேபிளிலிருந்தே எடுக்கிறது. யூ.எஸ்.பி. 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லியம்பியர் வரை தரவும், 3.0 போர்ட் 900 வரை தரவும் வகுக்கப்பட்டவை. நின்றிருக்கும் தட்டைச் சுழல வைக்கும் தொடக்கக் கணத்தில்தான் அதிக மின்னோட்டம் வேண்டும். மெல்லிய நீளக் கம்பியில் வோல்ட் இறங்கிவிடும், ஒரு போர்ட்டைப் பல போர்ட்டுகளாகப் பிரித்துத் தரும், தனி மின்னிணைப்பு இல்லாத பல்முனைப் பெட்டியில் நான்கு சாதனங்கள் ஒரே போர்ட்டின் மின்சாரத்தைப் பங்கிடும். அப்போது தட்டு சுழலத் தொடங்கி நின்று, மீண்டும் தொடங்கி, டிக் டிக் என்று ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டவுடன் தட்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டாமல், குறுகிய கேபிளால் கணினியின் பின்புறப் போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பார்க்க வேண்டும். அங்கும் அதே ஒலி தொடர்ந்தால் உடனே கழற்றிவிட்டு, பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். மீண்டும் மீண்டும் முயல்வது தட்டின் மேற்பரப்பையே கெடுக்கும்.

3.5 அங்குலத் தட்டுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அதை யூ.எஸ்.பி. கேபிள் தராது, ஆகவே தனி அடப்டர் தேவை. மாரி காலத்தில் மின்னலும் மின்தடையும் அடிக்கடி வரும் ஊர்களில், எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் மின்சாரம் போனால் கோப்பு மட்டுமன்றிக் கோப்புகளின் அட்டவணையும் சிதையலாம். இத்தகைய தட்டைப் பாவிப்பவர்கள் கணினியோடு அந்த அடப்டரையும், மின்தடையின்போது சிறிது நேரம் மின்சாரம் தரும் மின்கலப் பெட்டியான யூ.பி.எஸ்.ஸில் செருக வேண்டும். கணினியை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை.

ஒரு கல்யாண வீட்டுக் கணக்கு

ஒரு ஸ்டூடியோவில் ஒரு கல்யாணத்தின் படங்களும் வீடியோவும் 200 கிகாபைட் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். யூ.எஸ்.பி. 2.0 இணைப்பில் செக்கனுக்கு 35 மெகாபைட் வீதம் அது ஒன்றரை மணித்தியாலத்துக்கும் சற்று மேல் எடுக்கும். அதே சுழலும் தட்டை 5 கிகாபிட் இணைப்பில் பாவித்தால், தட்டின் 110 மெகாபைட் வேகத்தில் அரை மணித்தியாலம். அந்தத் தட்டுக்கே 40 கிகாபிட் கேபிள் வாங்கினாலும் அதே அரை மணித்தியாலம்தான். சாட்டா வகை எஸ்.எஸ்.டி.யை 5 கிகாபிட்டில் இணைத்தால் எட்டு நிமிடத்துக்குள் முடியும். என்.வி.எம்.இ. வகையை 10 கிகாபிட்டில் இணைத்தால் மூன்று நான்கு நிமிடம்.

இக்கணக்கு, கணினிக்குள் இருக்கும் மூலக் கோப்பும் அந்த வேகத்தில் படிக்கப்படுகிறது என்ற நிபந்தனையில்தான் சரியாகும். கமராவின் எஸ்.டி. அட்டையிலிருந்து நேராகப் பிரதி எடுத்தால் அட்டையும் பாதையின் ஒரு பகுதி ஆகிவிடும். பரவலாகப் பாவிக்கப்படும் யூ.எச்.எஸ். ஒன்று வகை அட்டைக்குத் தரம் வகுத்த உச்சம் செக்கனுக்கு 104 மெகாபைட். அதற்கு மேல் எந்த எஸ்.எஸ்.டி.யாலும் வேகம் கூட்ட முடியாது. அட்டை வாசிப்பானையும் வன்தட்டையும் ஒரே பல்முனைப் பெட்டியில் செருகியிருந்தால், இரண்டும் ஒரே வாயைப் பங்கிடுகின்றன என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

உங்கள் இணைப்பைச் சோதிக்கும் முறை

ஒரே பெரிய வீடியோக் கோப்பை, நான்கைந்து கிகாபைட் அளவுள்ளதை, வன்தட்டிலிருந்து கணினிக்குப் பிரதி எடுங்கள். தொடக்கத்தில் காட்டும் வேகத்தை விட்டுவிட்டு, அரை நிமிடத்துக்குப் பின் நிலைத்து நிற்கும் எண்ணைப் பாருங்கள். அது 30 இற்கும் 40 இற்கும் இடையில் அசையாமல் நின்றால் இணைப்பு யூ.எஸ்.பி. 2.0 இல் இறங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். 100 ஐத் தாண்டி நின்றால், சுழலும் தட்டுக்கு அதுவே எல்லை, இனிக் கேபிளுக்குச் செலவழிக்க ஒன்றுமில்லை. ஆப்பிள் கணினியில் கணினித் தகவல் பக்கத்தின் யூ.எஸ்.பி. பகுதியிலேயே, அந்தச் சாதனம் 480 மெகாபிட்டில் இணைந்துள்ளதா 5 கிகாபிட்டில் இணைந்துள்ளதா என்று எழுதியிருக்கும்.

எண் குறைவாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் கழற்றி மீண்டும் செருகுங்கள், பிறகு வேறு போர்ட், பிறகு வேறு கேபிள், கடைசியில் வேறு கணினி. மேசைக் கணினியின் முன்புறப் போர்ட்டுகள் உள்ளே இன்னொரு வயரால் தாய்ப்பலகையோடு இணைக்கப்பட்டவை, ஆகவே பின்புறத்தையே முதலில் நம்புங்கள். இரண்டு மூன்றை ஒரே தடவையில் மாற்றிவிட்டால், வேகம் திரும்பினாலும் எது தடையாயிருந்தது என்று தெரியாமலே போகும்.

கழற்றும் முன்

திரையில் பிரதி எடுத்தல் முடிந்தது என்று காட்டிய பின்னும், தரவின் கடைசிப் பகுதி கணினியின் தற்காலிக நினைவகத்தில் எழுதப்படக் காத்திருக்கலாம். வேகமான கணினியில் மெதுவான தட்டு இணைந்திருக்கும்போது இந்தக் காத்திருப்பு நீளும். விண்டோஸ் 10 இன் பிந்திய பதிப்புகள் இதைத் தவிர்க்கும் வகையில் அமைக்கப்பட்டிருந்தாலும், அந்த அமைப்பைக் கடையிலோ வீட்டிலோ யாரேனும் மாற்றியிருக்கக்கூடும். எனவே பணிப்பட்டையில் உள்ள பாதுகாப்பாக அகற்றும் கட்டளையைக் கொடுத்து, அகற்றலாம் என்ற செய்தி வந்த பின்பே கேபிளைத் தொட வேண்டும். சுழலும் தட்டென்றால், அதன் ஒலி அடங்கித் தலை தன் ஓய்விடத்துக்குத் திரும்பச் சில செக்கன் கொடுத்து, அதன் பிறகு மேசையிலிருந்து தூக்குங்கள். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காமல் முனையைப் பிடித்து நேராக இழுங்கள். வன்தட்டுகளில் காணப்படும் அந்த அகன்ற தட்டையான மைக்ரோ முனையில் புதிய சோடிகளின் தொடுப்புகள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கின்றன, பக்கவாட்டில் அசைத்து இழுத்துப் பழகினால் முதலில் விடுபடுபவை அவைதாம்.